கணினியில் தமிழ்க் குரல்கள்: கண்டறிதலும் பயன்பாடும்

திறவுச்சொற்கள்: உரையொலி மாற்றி, திரைபடிப்பான், விண்டோஸ், ஒருங்குறி, பார்வையற்ற ஆய்வாளர்

முன்னுரை

எழுத்தில் உள்ள பனுவலைச் செயற்கைக் குரலால் ஒலிக்கச் செய்யும் மென்பொருள் உரையொலி மாற்றி எனப்படும். மதுரையை அடுத்த சுந்தரராஜன்பட்டியில் பார்வையற்றவரான எஸ். எம். ஏ. ஜின்னா நிறுவிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் போன்ற அமைப்புகளின் பணியால் பார்வையற்றோர் பலர் உயர்கல்வி வரை வருகின்றனர். அவர்கள், பிறர் வாசித்துக் காட்டும்வரை காத்திராமல் தாமே நூல்களைப் பயில இம்மென்பொருள் துணைசெய்கிறது. எனினும் வீட்டுக் கணினிகளில் தமிழ்க் குரலைப் பலர் கண்டறிவதில்லை. அதற்கான காரணத்தையும் தீர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

குரலை நிறுவுதல்

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுக்கு மைக்ரோசாப்ட் ‘வள்ளுவர்’ என்னும் ஆண் குரலை இலவசமாக வழங்குகிறது. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’, ‘ஸ்பீச்’, ‘ஆட் வாய்சஸ்’ என்ற வரிசையில் சென்று தமிழைத் தேர்ந்தால் அது தரவிறங்கும். பின்னர் இணைய இணைப்பின்றியும் இயங்கும். எட்ஜ் உலாவியின் ‘ரீட் அலவுட்’ வசதியில் பல்லவி (இந்தியா), சரண்யா (இலங்கை), வெண்பா (சிங்கப்பூர்), கனி (மலேசியா) முதலிய குரல்களும் உள்ளன. இவற்றுக்கு இணைய இணைப்புத் தேவை.

இரு பதிவிடங்கள்

நிறுவிய பின்னும் சில வாசிப்பு மென்பொருள்களின் பட்டியலில் ‘வள்ளுவர்’ தோன்றுவதில்லை. விண்டோஸ் தன் குரல்களை ரெஜிஸ்ட்ரியில் ‘ஸ்பீச்’, ‘ஸ்பீச் ஒன்கோர்’ என்னும் இரு கிளைகளில் பதிவதே இதற்குக் காரணம். ‘சாபி 5’ முறையில் அமைந்த பழைய மென்பொருள்கள் முதற்கிளையை மட்டுமே நோக்கும். புதிய குரலோ இரண்டாம் கிளையில் பதிவாகிறது. ஆகவே குரல் கணினியில் இருந்தும் அம்மென்பொருள்களுக்குப் புலப்படுவதில்லை.

இரண்டாம் கிளையின் பதிவை முதற்கிளைக்குப் படியெடுத்து இத்தடையை நீக்குவோர் உளர். ஆயினும் இது மைக்ரோசாப்ட் பரிந்துரைக்கும் வழியன்று. ரெஜிஸ்ட்ரியில் நேரும் பிழை கணினியின் இயக்கத்தையே பாதிக்கக்கூடும். இரண்டாம் கிளையை நேரடியாக அறியும் மென்பொருளைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. விண்டோஸின் ‘நரேட்டர்’ அத்தகையது. கட்டணமற்ற திரைபடிப்பானாகிய என்விடிஏ 2017 முதல் இக்குரல்களை ஏற்கிறது. அதனுடன் இணைந்தே வரும் ‘ஈஸ்பீக் என்ஜி’யும் தமிழை வாசிக்கும்.

உச்சரிப்புச் சோதனை

குரலைத் தேர்வதற்கு முன் அதன் உச்சரிப்பைச் சோதித்தல் வேண்டும். ‘வண்டியூர் தெப்பக்குளம் செல்லும் பஸ்’ என்னும் தொடர் இதற்குப் பொருந்தும். ‘வண்டி’யில் மெல்லினத்தை அடுத்த டகரம் அதிர்வொலியாகவும், ‘தெப்ப’ என்பதில் இரட்டித்த பகரம் அதிர்விலா ஒலியாகவும் வருதல் வேண்டும். இவ்விரண்டும் விதிக்கு அடங்கும். ‘பஸ்’ என்ற கடன்சொல்லின் முதலொலி அதிர்வொலி என்பதை எழுத்து காட்டுவதில்லை; சொற்பட்டியலோ பயிற்சித் தரவோ இருந்தாலன்றிக் கணினி அதனை அறியாது.

குறியாக்கத் தடை

குரல் கிடைத்தபின்னும் ஆய்வேடு வாசிக்கப்படாமற் போகலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் திரையில் மட்டுமே தோன்றும். கோப்பில் பதிவாவன ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. அவ்வெழுத்துருவில் ‘வண்டியூர்’ எனத் தட்டச்சிட்டால் வகரத்தின் இடத்தில் ஆங்கில ‘டி’ எழுத்தே இருக்கும். திரைபடிப்பான் அதனையே ஒலிக்கும். ஒளிப்படமாக வருடப்பட்ட பக்கங்களில் வாசிப்பதற்கு எழுத்தே இராது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதனுடன் ஏற்கப்பட்ட டேஸ் 16, ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. பொதுவான குரல்கள் அதனை வாசிப்பதில்லை. எனவே ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் ஒருங்குறியில் அமைத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

தமிழ்க் குரல்கள் கட்டணமின்றியே கிடைக்கின்றன. அவற்றைக் கண்டறிவதற்குத் தடையாக இருப்பது இரு பதிவிடங்களின் பிரிவு. பயன்படுத்துவதற்குத் தடையாக இருப்பது பழைய குறியாக்கம். முன்னதைப் பொருத்தமான மென்பொருளைத் தேர்ந்து பயனர் கடக்கலாம். பின்னதை நீக்குவது பனுவலை உருவாக்கும் ஆய்வாளர், நெறியாளர், நூலகம் ஆகியோரின் கையிலேயே உள்ளது.