பனி போட்டுவிட்டுப் போன கல்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது, இன்னொரு டீ சொல்லிக்கொள்ளலாம்.

மோகனூரில் காவிரிக்குள் இறங்கி ஒரு கை மணல் அள்ளிப் பாருங்கள். குருணைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். பெரிய கற்களை ஆறு மேலேயே விட்டுவிடுகிறது, மணலை நடுவழியில் இறக்குகிறது, வண்டலைத் தஞ்சாவூர்ப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வேகம் குறையக் குறைய, கனமானது முதலில் கீழே இறங்கும். ஓடும் தண்ணீர் தரம் பிரித்துத்தான் போடும்.

பனிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒடிசாவில் பிராமணி ஆற்றுப் படுகையில் தால்ச்சேர் என்று ஓர் ஊர். அங்கே நைஸாக அரைபட்ட களிமண், கூழாங்கல், பெரும் பாறாங்கல் எல்லாம் வகைதொகை இல்லாமல் கலந்து இறுகிப்போன ஒரு படுகை இருக்கிறது. நிலவியலாளர்களான வில்லியம் பிளான்ஃபோர்டும் அவர் தம்பி ஹென்றியும் தியோபால்டும் அதை ஆராய்ந்து, இது பனிக்கட்டியின் வேலையாக இருக்க வேண்டும் என்று 1856-ல் எழுதினார்கள். அண்ணன் தம்பி இருவருமே அப்போது இருபதுகளில் இருந்தவர்கள். ஒடிசா வெயிலில் நின்றுகொண்டு பனி என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். (அந்த ஹென்றிதான் பிறகு நம் அரியலூர்ப் பக்கத்துக் கடல்பாறைகளையும் ஆராய்ந்தார்.)

பனி எப்படி நகரும்? பெய்த பனி கரையாமல் வருஷக்கணக்கில் சேர்ந்தால், அடியில் உள்ளது மேல்பாரத்தில் அழுந்திக் கட்டியாகிறது. போதிய தடிப்பு ஏறியதும் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் பரவுகிறது. கல்லின் நடுவில் ஊற்றிய கெட்டி தோசைமாவு, கல்லைச் சாய்க்காமலேயே ஓரம் நோக்கிப் போகிறதல்லவா, அப்படித்தான். சரிவு வேண்டியதில்லை, நடுவில் மேடு இருந்தால் போதும். வருஷத்துக்குச் சில மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர்வரை போகும். அடித்தளத்தில் உருகிய நீர் இருந்தால் இன்னும் வழுக்கும்.

போகிற வழியில் தரையிலுள்ள கல்லைப் பெயர்த்து, அடியிலேயே உறைய வைத்து இழுத்துப் போகிறது. இழுபடும் கல் கீழே இருக்கும் பாறையைக் கீறும்; தானும் தேயும். ஆற்றுக்கல் எல்லாப் பக்கமும் உருண்டு மழுங்கியிருக்கும். பனி இழுத்த கல்லில் ஒரு முகம் தட்டையாகத் தேய்ந்து, அதன்மேல் இணைகோடுகள் விழுந்திருக்கும். மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் பக்கம், பென்கங்கை ஆற்றோரம் இரை என்ற இடத்தில், கீறலும் மெருகும் ஏறிய சுண்ணாம்புப் பாறைத் தளமே கிடைத்தது. அதைப் பற்றி ஃபெடன் என்ற நிலவியலாளர் 1875-ல் எழுதிய பிறகு பிளான்ஃபோர்டு சொன்னதற்கு வலு கூடியது.

எனக்குப் பிடித்த இடம் கடலோரம். பனி கடலைத் தொட்டதும் அதன் விளிம்பு மிதக்கிறது, உடைகிறது, துண்டு துண்டாக வெளியே போகிறது. உருக உருக, வயிற்றில் வைத்திருந்த கல் ஒவ்வொன்றாக அடிக்கடலில் விழும். அடியில் அதுவரை மெல்லிய சேறு அடுக்கடுக்காக அமைதியாகப் படிந்துகொண்டிருந்திருக்கும். கல் விழுந்த இடத்தில் கீழடுக்குகள் அமுங்கி வளைந்திருக்கும், மேலடுக்குகள் கல்லின்மேல் போர்த்திக்கொண்டு போகும். அந்தச் சேற்றில் இவ்வளவு பெரிய கல்லைக் கொண்டுவர வேகமான நீரோட்டத்தால் முடியும்; ஆனால் அப்படி ஓடியிருந்தால் சேறு தங்கியிருக்காது. மேலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும்.

சத்தீஸ்கரில் ஹஸ்தேவ் ஆற்றங்கரையில் இருக்கும் மனேந்திரகர் இன்று கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே. அங்கே, தால்ச்சேரில் பனி கல் போட்ட அதே காலத்துப் படுகையில், யூரிடெஸ்மா என்ற தடித்த ஓட்டுச் சிப்பி கிடைக்கிறது. குளிர்ந்த கடலில் வாழ்ந்த சாதி அது, ஆஸ்திரேலியாவிலும் உண்டு. பனி உருகி, கடல் மட்டம் ஏறி, உள்நாடுவரை உப்புத் தண்ணீர் வந்ததற்கு அந்தச் சிப்பி சாட்சி.

இதெல்லாம் நடந்தது ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது இந்தியா, அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டிக்கொண்டு தென்துருவப் பக்கம் இருந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று விஞ்ஞானி வெகனர் 1912-ல் சொன்னபோது, வெயில் நாடுகளில் கிடந்த இந்தப் பனிக்கற்களும் அவர் காட்டிய ஆதாரங்களில் சேர்ந்தன. (கடைசிப் பனியுகம் வேறு கதை. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கிடந்தது. நமக்குக் கடல் மட்டும் 120 மீட்டர்போல இறங்கியது.)

"அப்ப நம்ம சேலத்து மேலயும் பனி கெடந்துச்சுங்களா?" என்று கேட்டார் பக்கத்துப் பெஞ்சில் இருந்த லாரிக்கார அண்ணன். நியாயமான கேள்வி. கிடந்திருந்தாலும் சாட்சி சொல்ல இங்கே எதுவும் மிச்சமில்லைங்க அண்ணா. சேர்வராயன் மலையின் பாறை ஏறத்தாழ 250 கோடி வயசு. பூமிக்கு இருபது கிலோமீட்டருக்கும் கீழே வெந்து உருவானது. அதன் மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போய்த்தான் அது இன்று வெளியே நிற்கிறது. மேலே எப்போதாவது நாலு கல் கிடந்திருந்தால் அதுவும் கூடவே போயிருக்கும்.

தால்ச்சேரில் தரை விரிசல் கண்டு பள்ளமாக இறங்கியது. அதனால் பனி போட்ட கல் உள்ளே பத்திரமாக மாட்டிக்கொண்டது. பனி போன பிறகு அதே பள்ளத்தில் சதுப்புக்காடு வளர்ந்து, புதைந்து, நிலக்கரி ஆனது. நமக்கு அப்படி ஒரு பள்ளம் வாய்க்கவில்லை. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஒடிசாவிலிருந்து கப்பலேறி, பிறகு ரயிலேறி வர வேண்டியிருக்கிறது.