கேமராவின் அழகு கைக்கு உதவுமா?

டிஜிட்டல் கேமரா வாங்கக் கடைக்குப் போனால் நாம் முதலில் பார்ப்பது அதன் தோற்றத்தைத்தான். மெகாபிக்ஸல் எத்தனை, ஜூம் எவ்வளவு என்று விற்பனையாளர் சொல்லிக்கொண்டே இருப்பார். நம் கண் மட்டும் பளபளவென்று மெல்லியதாக இருக்கும் மாடலை விட்டு நகராது. ஆனால் கேமரா ஷோகேஸில் வைக்கும் பொருள் அல்ல. குழந்தை முதல் அடி எடுத்து வைக்கும் அந்த இரண்டு விநாடிக்குள் எடுத்து, ஆன் செய்து, படம் பிடிக்க வேண்டிய கருவி. அழகுக்காக எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இதற்கு நல்ல உதாரணம் 2012ஆம் ஆண்டு வெளிவந்த பென்டாக்ஸ் கே-01. வடிவமைத்தவர் மார்க் நியூசன் என்னும் ஆஸ்திரேலியர். நாற்காலி, கைக்கடிகாரம், ஃபோர்டு நிறுவனத்தின் மாதிரிக் கார் என்று பலவற்றை வடிவமைத்துப் பெயர் பெற்றவர். மஞ்சள் நிற கே-01ஐப் பார்த்தால் பொம்மைப் பெட்டி போல இருக்கும். எனக்கு அந்தத் தோற்றம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் உள்ளே இருக்கிறது. எஸ்எல்ஆர் வகைக் கேமராக்களில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே மிரர் எனப்படும் சிறு கண்ணாடி இருக்கும். லென்ஸில் வரும் காட்சியை மேலே வியூஃபைண்டருக்குத் திருப்பி அனுப்புவது அதுதான். அது நிற்பதற்கு இடம் வேண்டும் அல்லவா? 1975லிருந்து வந்த பென்டாக்ஸின் கே மவுன்ட் லென்ஸ்களுக்கு அந்த இடைவெளி 45.46 மில்லிமீட்டர். கே-01ல் மிரரை நீக்கிவிட்டார்கள். ஆனால் பழைய லென்ஸ்களும் பொருந்த வேண்டும் என்பதால் இடைவெளியை அப்படியே விட்டார்கள். எனவே கேமரா சுமார் 6 சென்டிமீட்டர் தடிமனாகவே இருந்தது. மிரரோடு வியூஃபைண்டரும் போய்விட்டதால், வெயிலிலும் பின்பக்க ஸ்கிரீனைப் பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். வலது கை பற்றிக்கொள்ள ஆழமான பிடியும் கிடையாது. மெமரி கார்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற எடுக்கலாம் என்றால், பக்கவாட்டில் இருக்கும் ரப்பர் மூடியைத் திறந்து, பிறகு சரியாகப் பொருத்தி மூட வேண்டும். படத்தின் தரத்தில் குறை இல்லை, கையில்தான் தொல்லை.

2014ல் வந்த லைக்கா டி இன்னொரு வகை. ஒரே அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்த உடல். மேலே சில பட்டன்கள், டயல்கள் மட்டும். மற்றதெல்லாம் டச் ஸ்கிரீனில். மென்பொருள் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு இது பழகிய கதை. ஸ்கிரீன் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று நாங்களும் வசதிகளை மெனுவுக்குள் ஒளித்துவைப்போம். பார்ப்பவர் பாராட்டுவார், பயன்படுத்துபவர் நான்கு முறை கிளிக் செய்வார். பட்டனை விரல் தடவியே கண்டுபிடிக்கும். மெனுவைக் கண்ணால்தான் தேட வேண்டும். அதற்குள் எடுக்க வந்த காட்சி போய்விடும்.

அழகாகவும் வசதியாகவும் செய்யவே முடியாதா? முடியும். 1986ல் வந்த கேனன் டி90க்கு ஜெர்மனியின் லூய்ஜி கொலானியின் வடிவமைப்பு அடிப்படையாக இருந்தது. மூலைகள் இல்லாமல் வளைந்து, கைக்குள் அடங்கும் உடல். ஷட்டர் பட்டனுக்குப் பக்கத்திலேயே, ஆள்காட்டி விரலால் சுழற்றும் ஒரு டயல். கேனனின் இஓஎஸ் கேமராக்களில் இன்றும் அந்த டயலைப் பார்க்கலாம்.

மெல்லிய கேமராக்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2002ல் மினோல்டா டிமாஜ் எக்ஸ், 2003ல் சோனி டி1 ஆகியவை லென்ஸ் வெளியே நீளாமல் வந்தன. உள்ளே ஒரு பட்டகம் ஒளியை 90 டிகிரி திருப்பிவிடும். லென்ஸ்கள் உடலுக்குள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கும். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் லென்ஸ் மேல் மூலைக்குப் போய்விட்டதால் இடது கை விரல் அதை எளிதில் மறைக்கும். என் அப்பா இப்படிப்பட்ட ஒரு கேமராவில் எடுத்த கல்யாணப் படங்களில் உறவினர்களுக்கு இணையாக அவருடைய விரலும் இடம்பெற்றிருக்கிறது.

இத்தகைய பழைய கேமராக்களை இப்போது இளைஞர்கள் மறுபடி தேடி வாங்குகிறார்கள். நீங்களும் வாங்குவதானால் எந்த மெமரி கார்டு என்று பாருங்கள். எக்ஸ்டி கார்டு, மெமரி ஸ்டிக் போன்றவை வழக்கொழிந்துவிட்டன. எஸ்டி கார்டு என்றால் கவலையில்லை. சில மாடல்களுக்கு அந்த நிறுவனத்தின் தனி யுஎஸ்பி கேபிள்தான் பொருந்தும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

புதியதோ பழையதோ, கடையில் கேமராவை ஒரு கையால் மட்டும் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் ஏதாவது ஒரு பட்டனைத் தானாகவே அழுத்துகிறதா? கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் பட்டன்களின் மேலிருக்கும் குறிகள் தெரிகின்றனவா? கடைவாசலுக்கு எடுத்துச் சென்று ஸ்கிரீனை வெயிலில் காட்டுங்கள். ஃபிளாஷை நிறுத்த எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று எண்ணுங்கள். அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்: கார்டு மூடி டிரைபாட் திருகுக்கு மிக அருகில் இருந்தால், ஒவ்வொரு முறை கார்டை எடுக்கும்போதும் டிரைபாடைக் கழற்ற வேண்டியிருக்கும்.