கை அறியாத கல்வி

“இரும்பு ஓர் உலோகம், அது கடினமானது, காந்தத்தால் இழுக்கப்படும்” என்று ஏழு வயதுப் பாலகன் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறான். உபாத்தியாயர் மகிழ்கிறார், தகப்பனார் பூரிக்கிறார். ஆனால் ஓர் இரும்பாணியையும் ஒரு பித்தளைச் சாவியையும் அவன் முன் வைத்து, எது காந்தத்தில் ஒட்டும் என்று கேட்டால் விழிக்கிறான். சொல் நாவில் நிற்கிறது. பொருள் கைக்கு எட்டவில்லை. இதைக் கல்வி என்று அழைப்பது தகுமா?

வஸ்துக்களின் குணங்களைப் போதிக்கப் பெரிய ஆராய்ச்சிசாலை வேண்டியதில்லை. நம் வீட்டு அடுக்களையே போதும். கோடை நாளில் ஒரு மண்பானையிலும் ஒரு பித்தளைக் குடத்திலும் ஒரே கிணற்று நீரை நிரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் வைப்போம். மாலையில் பிள்ளைகள் இரண்டிலும் விரலை நனைத்துப் பார்க்கட்டும். பானை நீர் மட்டும் ஏன் இத்தனை குளிர்ந்தது? பானையின் புறத்தைத் தடவினால் ஈரம் தெரியும். சுட்ட மண்ணின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. பித்தளையில் துளையில்லை, ஆதலால் கசிவில்லை, அத்தகைய குளிர்ச்சியும் இல்லை.

பிறகு ஒரு காந்தத்தைக் கொடுத்து, முதலில் ஊகிக்கவும், பின்னர் சோதிக்கவும் சொல்வோம். உலோகமெல்லாம் ஒட்டும் என்று பலர் சொல்லக்கூடும். பித்தளையும் அலுமினியமும் ஒட்டா. எவர்சில்வர் பாத்திரங்களிலோ சில ஒட்டும், சில ஒட்டா. அவற்றின் உலோகக் கலப்பு ஒரே விதமானதன்று. தன் ஊகம் பொய்த்ததைத் தன் கையாலேயே கண்ட குழந்தை, பிறர் சொல்லையும் சோதித்தே ஏற்கப் பழகும்.

இது புதிய யோசனையன்று. குழந்தையின் கல்வி கைத்தொழிலில் தொடங்க வேண்டும், ஒவ்வொரு செய்கைக்கும் காரணம் விளக்கப்பட வேண்டும் என்று 1937-ல் மகாத்மா எழுதினார். அவ்வாண்டு அக்டோபரில் வார்தாவில் கல்வி மகாநாடு கூடிற்று. டாக்டர் ஜாகீர் உசேன் தலைமையில் அமைந்த கமிட்டி திட்டம் வகுத்தது. 1938-ல் ஹரிபுரா காங்கிரஸ் ஆதாரக் கல்வியை ஏற்றது. சேவாகிராமத்தில் அப்பணியை முன்னின்று நடத்தியவர்கள் இலங்கைத் தமிழரான ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷாதேவியும்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. சென்னை ராஜ்யத்தில் 1953-ல் ராஜாஜி மந்திரிசபை, பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்சப் பொழுதில் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று ஜனங்கள் அதை எதிர்த்தனர். 1954-ல் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானதே. குயவர் மகனுக்கு மண், வக்கீல் மகனுக்குப் புத்தகம் என்று பிரிப்பது கல்வியன்று. அது பழைய விலங்கு. நாம் கோருவது அதற்கு நேர்மாறானது. வக்கீல் மகன் மண் பிசையட்டும். குயவர் மகள் காந்தத்தையும் கண்ணாடியையும் ஆராயட்டும். எல்லாப் பொருளும் எல்லாக் கைகளுக்கும் உரியவை.

மேடைதோறும் முழங்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் சங்கத் திண்ணையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டுங்கள். ஒரு பானை, ஒரு குடம், ஒரு காந்தம், பத்துச் சில்லறைச் சாமான்கள் போதும். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். அவர்கள் தொட்டுக் காணட்டும். கேட்டதையெல்லாம் நம்பும் ஜனங்களிடம் சுதந்திரம் நிலைக்காது. சோதித்து நம்பும் ஜனங்களை உண்டாக்கும் வேலை அந்தத் திண்ணையிலேயே தொடங்கட்டும்.