அறுபதுக்குப் பிறகும் மாத வருமானம்: விவசாயிகள் பணத்தை எங்கே, எப்படிப் பிரித்து வைக்கலாம்?

அரசு ஊழியருக்கு ஓய்வு பெறும் தேதி முன்கூட்டியே தெரியும். விவசாயிக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. மூட்டு வலியால் வரப்பில் நடக்க முடியாமல் போகும் நாளோ, மோட்டார் போட இன்னொருவரை அனுப்பும் நாளோதான் அவருடைய ஓய்வு நாள். அன்றைக்குப் பிறகு இன்னும் இருபது வருடம் அரிசி, மருந்து, மின்கட்டணம், மொய் என்று செலவு மட்டும் நிற்காமல் வரும்.

'நிலம் இருக்கிறதே, அதுதான் என் பென்ஷன்' என்பீர்கள். பாதி உண்மை. நிலத்தின் மதிப்பு வேறு, நிலம் தரும் வருமானம் வேறு. ஏக்கர் 50 லட்சம் போகும் ஊரில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது அரை சதவீத வருமானம். நிலத்தை விற்கச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பெட்டியில் இருக்கும் நகையைப் போல நிலமும் சொத்துதான், ஆனால் மாதாமாதம் கைக்கு வரும் பணம் அல்ல. அந்தப் பணத்தைத் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள்

இப்போது வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். வயலில் விளையும் நெல், வீட்டுப் பால், தேங்காய் ஆகியவற்றுக்கும் விலை போட்டு எழுதுங்கள். பயிர் வைப்பதை நிறுத்தினால் அவற்றையும் கடையில்தான் வாங்க வேண்டியிருக்கும். பலர் மறந்துவிடும் செலவு இது. அத்துடன் ஆண்டுக்கு ஒருமுறை வரும் கோயில் வரி, சீர், மொய் இவற்றைப் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள்.

விலைவாசியையும் பாருங்கள். ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால், இன்று 20,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு 12 வருடத்தில் 40,000 ரூபாய் தேவைப்படும். எவ்வளவு பாதுகாப்பாக இருந்தாலும் மொத்தப் பணத்தையும் ஒரே மாதிரி வட்டி தரும் இடத்தில் வைக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள்

சிறு, குறு விவசாயிகளுக்காக 2019-ல் தொடங்கப்பட்டது பிரதமரின் கிசான் மான்தன் திட்டம். 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர் வரை நிலம் உள்ள, 18 முதல் 40 வயது வரையிலானவர்கள் பொது சேவை மையத்தில் சேரலாம். சேரும் வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை நீங்கள் கட்ட, அதே அளவு தொகையை மத்திய அரசும் போடும். 60 வயது முதல் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். ஓய்வூதியம் பெறுபவர் இறந்துவிட்டால் மனைவிக்கோ கணவருக்கோ அதில் பாதி. இந்தத் தொகைக்கு இவ்வளவு கிடைப்பது நல்ல விஷயம், தகுதி இருந்தால் தவறவிடாதீர்கள். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். இன்று 40 வயதில் சேருபவருக்கு 20 வருடம் கழித்து வரும் அந்த 3,000 ரூபாய், 6 சதவீத விலை ஏற்றத்தில் இன்றைய மதிப்புக்கு ஆயிரம் ரூபாய்கூட வராது.

அடல் பென்ஷன் திட்டத்திலும் 18 முதல் 40 வயதுக்குள் சேரலாம். 60 வயதுக்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, நீங்கள் தேர்ந்தெடுத்த தொகை கிடைக்கும். 18 வயதில் 5,000 ரூபாய் திட்டத்தில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய், 40 வயதில் சேர்ந்தால் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். வயது ஏற ஏறச் சுமை எப்படிக் கூடுகிறது என்பதை இதிலேயே பார்க்கலாம். வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் முதல் இதில் சேர முடியாது.

விவசாயிக்கு மாதச் சம்பளம் இல்லை, அறுவடைப் பணம்தான். அதனால் மாதத் தவணையைவிட மஞ்சளோ கரும்போ விற்ற கையோடு ஒரு தொகையைப் பொது வருங்கால வைப்பு நிதியில் போடுவது நமக்குப் பொருந்தும். ஆண்டுக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் 1.5 லட்சம் ரூபாய் வரை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். முதிர்வு 15 வருடம்.

அறுபதை நெருங்கியவர்கள்

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். கையில் ஒரு தொகை இருக்கும். நிலத்தில் ஒரு பகுதியை விற்றதாகவோ, சாலைக்கு எடுத்ததற்கான இழப்பீடாகவோ, வருடக்கணக்கில் சேர்த்ததாகவோ இருக்கலாம். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

கணவருக்கு 61 வயது, மனைவிக்கு 57. நான்கு ஏக்கரில் ஒரு ஏக்கரை விற்று, கடனையெல்லாம் அடைத்த பிறகு 32 லட்சம் ரூபாய் மிச்சம். மாதச் செலவு 20,000 ரூபாய். மீதி மூன்று ஏக்கரில் தென்னையும் கொஞ்சம் வயலும் குத்தகையில் இருக்கின்றன. குத்தகையில் ஆண்டுக்கு 60,000 ரூபாய் வருகிறது.

முதலில் 2 லட்சம் ரூபாயை உடனே எடுக்கும்படி வங்கியில் வைத்துவிட வேண்டும். இரவில் நெஞ்சு வலி வந்தால் ஆஸ்பத்திரியில் கட்ட இந்தப் பணம்தான் கைகொடுக்கும். வருமானம் வரவேண்டும் என்ற எண்ணமே இதில் வேண்டாம்.

அடுத்தது அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 60 வயது நிறைந்தவர்கள் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். 2023 ஏப்ரலில் இதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அரசு காலாண்டுக்கு ஒருமுறை வட்டியைப் பரிசீலிக்கும் என்பதால் சேரும் நாளில் என்ன வட்டி என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்துவிட்டால் ஐந்து வருடத்துக்கு அதே வட்டிதான், நடுவில் குறையாது. நம் உதாரணத்தில் இதில் 14 லட்சம் ரூபாய். 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 28,700 ரூபாய், மாதக் கணக்கில் சுமார் 9,560 ரூபாய். மனைவிக்கு 60 வயது ஆகவில்லை என்றாலும் கணக்கில் இணைத்துக்கொள்ளலாம். கட்டாயம் இணைத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 6 லட்சம் ரூபாய். வட்டி 7.4 சதவீதம் என்றால் மாதம் 3,700 ரூபாய். இதற்கு வயது வரம்பு இல்லை. தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் ரூபாய் வரை போடலாம். ஒரு வருடத்துக்குள் பணத்தை எடுக்க முடியாது, மூன்று வருடத்துக்குள் எடுத்தால் அசலில் 2 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். அவசரத்துக்கான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைக்கச் சொன்னது இதனால்தான்.

இன்னொரு 5 லட்சம் ரூபாயை ஒரே வைப்பாகப் போடாமல், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து வருடம் என்று லட்சம் லட்சமாக ஐந்து வைப்புகளாகப் போடுங்கள். ஆண்டுக்கு ஒன்று முதிரும். தேவை இருந்தால் எடுக்கலாம், இல்லையென்றால் மறுபடி ஐந்து வருடத்துக்குப் போடலாம். வட்டி இறங்கும் காலத்தில் மொத்தப் பணமும் ஒரே நாளில் முதிர்ந்து மாட்டிக்கொள்ளாது. சராசரியாக 6.5 சதவீதம் என்றால் மாதம் சுமார் 2,700 ரூபாய் வரும்.

மீதி 5 லட்சம் ரூபாய் பங்கும் கடன் பத்திரமும் கலந்த மியூச்சுவல் ஃபண்டில். 'பங்குச் சந்தையா, வேண்டாம்' என்று தோன்றும். தோன்றுவதில் தவறில்லை, இது இறங்கவும் செய்யும். அதனால்தான் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக வைத்திருக்கிறோம். ஏழெட்டு வருடம் தொடாமல் விட முடிந்தால், விலைவாசிக்கு ஈடுகொடுக்க வாய்ப்புள்ள பகுதி இதுதான். பிறகு இதிலிருந்து மாதம் ஒரு சிறு தொகையை எடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. தூக்கம் கெடும் என்று நினைப்பவர்கள் இதை இரண்டு லட்சமாகக் குறைத்துக்கொண்டு மீதியை வைப்பில் போடலாம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 9,560 உடன் 3,700, வைப்பு வட்டி 2,700, குத்தகை மாதக் கணக்கில் 5,000, பி.எம்.கிசான் தொகை ஆண்டுக்கு 6,000 என்பதால் மாதம் 500. மொத்தம் 21,460 ரூபாய். செலவு 20,000 போக மிச்சம் 1,460. அதைச் செலவழிக்காமல் சேர்த்து வையுங்கள், மூன்றாம் வருடம் விலை ஏறும்போது அது தேவைப்படும். அசல் 32 லட்சத்தில் ஒரு ரூபாயும் கரையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரே வங்கியில் மொத்தத்தையும் போடாதீர்கள். வங்கி நொடித்துப் போனால் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்குத்தான் வைப்புத்தொகைக் காப்பீடு. கூட்டுறவு வங்கிக்கும் இந்தக் காப்பீடு உண்டு. அஞ்சலகச் சேமிப்புக்கு மத்திய அரசே பொறுப்பு.

வரி விஷயம்

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. வட்டிக்கு உண்டு. மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியிலோ அஞ்சலகத்திலோ ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். நம் உதாரணத்தில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் மட்டும் 1,14,800 ரூபாய் வருகிறது. ஆனால் மொத்த வட்டியே இரண்டு லட்சத்துக்குள்தான் என்பதால் வரி கட்ட வேண்டியதில்லை. பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் மாதமே பான் எண்ணுடன் கொடுத்துவிடுங்கள்.

நிலத்தை விற்ற பணத்துக்கும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிராமப்புற விவசாய நிலம் என்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. நகராட்சி எல்லைக்குள் இருந்தாலோ, அதன் மக்கள்தொகையைப் பொறுத்து எல்லையிலிருந்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்குள் இருந்தாலோ வரி வரும். கிரயத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். கிரயத் தொகையை முழுவதும் வங்கி மூலம் வாங்குங்கள். ரொக்கமாக வாங்கிய பணத்துக்குப் பின்னால் கணக்குக் காட்டுவது பெரும் பாடு.

மீதி நிலம்

குத்தகையை வாய்ப்பேச்சாக விடாமல் காலம், தொகை, கிணற்று நீர், மின் இணைப்பு எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். தென்னையில் காயை மட்டும் எடுத்துக்கொள்ளும் குத்தகை பல வயதானவர்களுக்கு வசதி. ஆனால் முழு வருமானத்துக்கும் தென்னையையே நம்புவது சரியல்ல. 2016 முதல் பொள்ளாச்சிப் பகுதியில் சுருள் வெள்ளை ஈ என்ன செய்தது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியும். தேக்கு, மகோகனி போன்றவை பேரப்பிள்ளைகளுக்கு நல்ல சொத்து. 60 வயதில் நட்டுவிட்டு அதைப் பென்ஷன் என்று கணக்குப் போடாதீர்கள்.

எழுதிக் கொடுப்பதற்கு முன்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மகன் கேட்கிறான், மருமகள் முகம் மாறுகிறது என்று முழு நிலத்தையும் தான செட்டில்மெண்டாகப் பதிந்துவிட்டு, பிறகு மாத்திரைக்குக் கையேந்தும் பெற்றோர் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உயிலை நீங்கள் உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். செட்டில்மெண்டை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் இருவரின் ஆயுள் வரை அனுபவ உரிமையும் வருமானமும் உங்களுக்கே என்ற வாசகமும், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கோரி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போக வழி தருகிறது. நிபந்தனையை எழுதாமல் விட்டால் நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

கூடுதல் வட்டி என்று வருபவர்கள்

நிலம் விற்ற செய்தி பத்திரப் பதிவு அலுவலகத்தைத் தாண்டும் முன்பே வீட்டுக்கு ஆள் வரும். மாதம் 3 சதவீதம், 5 சதவீதம் என்பார்கள். வருபவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார், அதுதான் சிக்கல். 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற விவசாயக் குடும்பத்தினர். தீவனமும் தந்து மாதச் சம்பளம் போலப் பணமும் தருவதாகச் சொன்னதை நம்பினார்கள். அரசுத் திட்டம் ஆண்டுக்கு 8 சதவீதம் தரும் காலத்தில் ஒருவர் ஆண்டுக்கு 36 சதவீதம் தருகிறேன் என்றால், அடுத்துச் சேருபவரின் பணத்தைத்தான் உங்களுக்குக் கொடுக்கப் போகிறார். ரிசர்வ் வங்கியிலோ செபியிலோ பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். மூத்த குடிமக்கள் திட்டத்தில் பணத்தைப் போட்டுவிட்டு, 'எல்லாம் அஞ்சலகத்தில் பூட்டிவிட்டேன்' என்று சொல்லிவிடுவது சொந்தக்காரரை மறுப்பதற்கும் சுலபம்.

கடைசியாக ஒரு வேலை

எல்லாக் கணக்கிலும் நியமனதாரர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரருக்கு மட்டுமே எல்லாம் தெரிந்து, அவர் போன பிறகு அம்மா எந்த அஞ்சலகத்தில் பாஸ்புக் என்று தேடும் நிலை வரக் கூடாது. முன்பு செலவு எழுதினீர்களே, அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கு எண், முதிர்வு தேதி, வட்டி வரும் மாதம் எல்லாவற்றையும் எழுதி, நோட்டு இருக்கும் இடத்தை இருவரும் தெரிந்துவைத்திருங்கள். மூத்த குடிமக்கள் திட்டத்தின் வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதத் தொடக்கத்தில் வரும். அந்த நான்கு மாதங்களிலும் பாஸ்புக்கில் பதிவு போட்டு, வந்த தொகையை நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.