பின்சீட்டில் இருக்கும் நண்பன்

பேத்தமங்களா ஏரியில் தண்ணீர் ஏறினால் போதும், கோலார் தங்கவயல் முழுக்க வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிடும். தங்கச் சுரங்கம் இயங்கிய காலத்தில் அந்த ஊர் குடித்தது இந்தப் பாலாற்றுத் தண்ணீரைத்தான். வருகிற கூட்டத்தில் ஒரே பைக்கில் மூன்று பேராக வரும் மீசை முளைக்காத பையன்களும் உண்டு. அவர்களில் ஒருவன் விழுந்து அடிபட்டால், “கொழுப்பு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அறிவியல் அப்படி முடிப்பதில்லை.

அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 2005-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியபோது பெரியவர்களைப் போலவே நிதானமாக இருந்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் வந்து நின்றதும் அவர்கள் எடுத்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கானது. 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை. ஆபத்து தெரியாமல் இல்லை. பாராட்டுக்கு ஏங்கும் மூளைப்பகுதி முந்திக்கொள்கிறது, அடக்கிவைக்கும் முன்பகுதி முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது.

எலும்பும் அப்படித்தான். ஆள் மளமளவென்று உயரும் காலத்தில் எலும்பின் நீளத்துக்கு ஈடாகச் சுண்ணாம்புச் சத்து சேர்வதில்லை. முன்கை எலும்பு முறிவு அந்த வயதில்தான் உச்சத்துக்குப் போகிறது.

ஆனால் மூளையையும் எலும்பையும் மட்டும் குறை சொல்லிவிட்டால் நாம் தப்பித்துவிடுவோம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின், தங்கவயலில் ஆயிரக்கணக்கானோர் விடிவதற்குள் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பெரியவர்கள் இருட்டிய பிறகே திரும்பும் வீடுகளில் வண்டிச் சாவி ஆணியில் தொங்குகிறது. பேத்தமங்களாவை ஒட்டி இப்போது பெங்களூர்–சென்னை விரைவுச்சாலையும் வந்துவிட்டது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்காக வடிவமைத்த சாலை. இருசக்கர வண்டிகளுக்கு அதில் அனுமதியே இல்லை. உலக அளவில் 5 முதல் 29 வயது வரையிலானோர் சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்துதான்.

ஏரியிலும் இதே கதைதான். மண் அள்ளிய குழி தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது. ஒருவன் மூழ்கினால் நீச்சல் தெரியாத தோழனும் குதிக்கிறான். அதனால்தான் ஒரே வீதியிலிருந்து இரண்டு மூன்று உயிர் ஒன்றாகப் போகிறது. குதிக்காமல் கயிறு, சேலை, காலியான பிளாஸ்டிக் குடம் எதையாவது வீசி எறிய வேண்டும். பள்ளிகள் இதைச் செய்துகாட்டிச் சொல்லித்தர ஒரு மணி நேரம் போதும்.

ஹெல்மெட் சாவை சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. அதை ஒருவன் போடுவதும் போடாததும் கூட வரும் நண்பனையும் பொறுத்தது. ஆகவே அறிவுரையைப் பின்சீட்டுக்காரனுக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

பெற்றோரே, சாவி மட்டும் உங்கள் பொறுப்பு. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.