கலத்தின் வாயிலில் ஒரு செய்தி: வளர்ச்சிக் காரணிகளும் அவற்றின் வாங்கிகளும்

விரலில் ஏற்படும் சிறு காயம் சில தினங்களில் ஆறிவிடுகின்றது. காயத்தின் விளிம்பிலுள்ள தோற்கலங்கள் பிரிவடைந்து இடைவெளியை நிரப்புகின்றன. நிரம்பியதும் அப்பிரிவு தணிந்துவிடுகின்றது. அன்றாடம் நாம் காணும் இந்நிகழ்ச்சி இரு வினாக்களை எழுப்புகின்றது. பிரியவேண்டிய வேளையைக் கலத்துக்கு அறிவிப்பது எது? நிறுத்தவேண்டிய வேளையை உணர்த்துவது எது? உயிரிரசாயனம் இவற்றுக்குக் கண்ட விடைகளைச் சுருக்கமாக நோக்குவதே எமது நோக்கமாகும்.

இவ்வாய்வின் வரலாறு ஒரு படுக்கையறையில் தொடங்குகின்றது. 1938ஆம் ஆண்டில் இத்தாலியப் பாசிச அரசு இயற்றிய இனச்சட்டங்கள் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றின. அவ்வாறு விலக்கப்பட்ட றீற்றா லெவி-மொன்ரல்சினி என்னும் இளம் மருத்துவர், தூரின் நகரிலுள்ள தமது வீட்டு அறையிலேயே கோழி முளையங்களைக் கொண்டு நரம்புகளின் விருத்தியை ஆராய்ந்தார். 1947இல் அமெரிக்கா சென்று அவர் தொடர்ந்த ஆய்வின் பயனாக நரம்பு வளர்ச்சிக் காரணி கண்டறியப்பட்டது. 1953இல் அவருடன் இணைந்த உயிரிரசாயனர் ஸ்ரான்லி கோகன், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து அக்காரணியைப் பிரித்தெடுக்க முயன்றார். அச்சுரப்பிச் சாற்றைப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு ஏற்றியபோது, அவற்றின் கண்ணிமைகள் உரிய நாளுக்கு முன்னரே திறந்தன. இதனைத் தற்செயல் என ஒதுக்காது தொடர்ந்து ஆராய்ந்தமையே மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் கண்டுபிடிப்புக்கு வழிகோலியது. 1962இல் அது வெளியிடப்பட்டது. இவ்விருவரும் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மேற்றோல் வளர்ச்சிக் காரணி 53 அமினோவமிலங்களால் ஆன சிறு புரதமாகும். இலிப்பிட்டாலான முதலுருமென்சவ்வை ஊடுருவிச் செல்ல இதனால் இயலாது. ஆயின் வெளியே நிற்கும் செய்தி கருவைச் சென்றடைவது எங்ஙனம்? இங்கேதான் வாங்கியின் பணி முக்கியத்துவம் பெறுகின்றது. வாங்கியும் ஒரு புரதமே. அதன் ஒரு பகுதி கலத்துக்கு வெளியே நீண்டுள்ளது; ஒரு குறுகிய பகுதி மென்சவ்வைக் கடக்கின்றது; எஞ்சிய பகுதி குழியவுருவினுள் அமைந்துள்ளது. உள்ளே அமைந்த பகுதி கைனேசு என்னும் நொதியமாகத் தொழிற்படவல்லது.

காரணி வந்து பொருந்தியதும் வாங்கியின் வெளிப்பகுதி வடிவம் மாறுகின்றது. அவ்வாறு மாறிய இரு வாங்கிகள் ஒன்றோடொன்று இணைகின்றன. இணைந்தவை உள்ளே ஒன்றின் தைரோசின் அமினோவமிலங்களில் மற்றொன்று பொசுபேற்றுக் கூட்டங்களைச் சேர்க்கின்றன. தைரோசினில் நிகழும் இம்மாற்றத்தை 1980இல் கோகனின் ஆய்வுகூடம் நிறுவியது. பொசுபேற்றேறிய இவ்விடங்களே கலத்தினுள் செய்தி தொடங்கும் துறைகளாகும். இவற்றை இனங்காணும் இணைப்புப் புரதங்கள் வந்து பற்றிக்கொண்டு, மென்சவ்வின் உட்புறத்திலுள்ள றாஸ் என்னும் புரதத்தைத் தூண்டுகின்றன. றாஸ், குவனோசீன் இருபொசுபேற்றை விடுத்து முப்பொசுபேற்றைப் பற்றும்போது செயலூக்கம் பெறுகின்றது. அதன்பின் மூன்று கைனேசுகள் ஒன்றையடுத்து ஒன்றாகத் தூண்டப்படுகின்றன. ஒரு நொதியம் பல மூலக்கூறுகளை மாற்றவல்லதாதலின், படிதோறும் செய்தி பெருகுகின்றது. இறுதிக் கைனேசு கருவினுட் புகுந்து, பிரிவுக்கு வேண்டிய பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டைத் தொடக்கிவைக்கின்றது.

தொடக்கத்தைப் போலவே முடிவும் இன்றியமையாததாகும். பொசுபேற்றை அகற்றும் நொதியங்கள் ஒருபுறம் இயங்குகின்றன. றாஸ் தான் பற்றிய முப்பொசுபேற்றை நீர்ப்பகுத்துத் தன்னைத்தானே அணைத்துக்கொள்கின்றது; அதனை விரைவுபடுத்தும் புரதங்களும் உள. காரணியைப் பற்றிய வாங்கிகளோ கலத்தினுள் உள்ளிழுக்கப்பட்டு, பெரும்பாலும் இலைசோசோம்களில் சிதைக்கப்படுகின்றன.

இம்முடிவு நிகழாதொழிந்தால் விளைவது யாது? 1984இல் இலண்டன் ஆய்வாளர்கள் இதற்குத் தெளிவான சான்றொன்றைத் தந்தனர். கோழிகளில் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரசிலுள்ள பரம்பரையலகு, மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் வாங்கியை ஒத்திருப்பதை அவர்கள் கண்டனர். ஆனால் காரணியைப் பற்றும் வெளிப்பகுதியின் பெரும்பங்கு அதில் இல்லை. செய்தி வராமலே செய்தி வந்ததாக அது ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கின்றது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் றாஸ் புரதங்கள் விகாரமுற்று, அணையும் ஆற்றலை இழந்துள்ளன. ஆகவே புற்றுநோயை வெளியிலிருந்து வந்த பகையாக மட்டும் கருதுதல் பொருந்தாது. எமது வளர்ச்சிக்குரிய பொறிமுறையே கட்டுப்பாடிழந்த நிலை அது எனலாம்.

இவ்வறிவு மருந்தாகவும் பயன் தந்துள்ளது. மார்புப் புற்றுநோய்கள் சிலவற்றில் இவ்வாங்கியின் உறவுப் புரதமான ஹேர்-2 மிகையாகக் காணப்படுகின்றது. அதனைப் பற்றித் தடுக்கும் திறஸ்ருசுமாப் என்னும் பிறபொருளெதிரி 1998இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே இதனை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. விலை குறைந்த ஒப்பு மருந்தொன்றை 2019இல் முதன்முறையாகத் தகுதியுடையதென ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் அம்மருந்தின் விலை வறிய நாடுகளின் நோயாளர் பலருக்கு எட்டாததாகவே இருந்தது.

சட்டத்தால் விலக்கப்பட்ட ஒருவர் வீட்டறையில் தொடங்கிய தேடல், பல நாட்டினரின் கூட்டுழைப்பால் முழுமை பெற்றது. அதன் பயனிலிருந்து எவரும் விலையால் விலக்கப்படுதல் நியாயமாகாது. வாங்கியின் தொழிற்பாட்டை விளக்குவது விஞ்ஞானத்தின் கடமை. அவ்விளக்கத்தின் பயன் யாரைச் சென்றடைகின்றது என வினாவுவது எம் அனைவரினதும் கடமையாகும்.