கருகினது தெரியும், வெந்தது தெரியாது
(தீப்பிடித்த வீட்டைச் சீர் செய்வது பற்றிய வானொலிப் பேச்சு)

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் கூரை வீட்டுக்காரருக்குத் தூக்கம் பாதிதான். காய்ந்த கீற்று, அனல் காற்று, பக்கத்திலேயே வைக்கோல் போர். ஒரு பொறி போதும். தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது பற்றிப் பலரும் சொல்லியிருப்பார்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவது அதற்குப் பிந்தின கதை. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்துவிட்டுப் போயாச்சு. கூட்டமும் கலைந்துவிட்டது. வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார். இனி என்ன செய்வது?

எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் வீட்டில் ஒரு கோடையில் தீப்பிடித்தது. மாட்டுக் கொட்டகையும் சமையல்கட்டும் போய்விட்டன. பெரிய வீட்டுப் பரணில் இருந்த விதைநெல் மூட்டைகள் தப்பித்தன. சாக்கு மேலே கொஞ்சம் புகைக்கரி, அவ்வளவுதான். உள்ளே நெல் பொன் மாதிரி இருந்தது. “போனது போகட்டும், விதை இருக்கே” என்று மனசைத் தேற்றிக்கிட்டார். ஆடியில் நாற்றங்கால் விட்டார். பத்து நாள் கழித்துப் பார்த்தால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று. பரணில் ஏறி நின்ற சூட்டிலேயே முளை செத்துப்போயிருக்கிறது. மறுபடி விதை வாங்கி விடுவதற்குள் பருவம் தள்ளிப்போச்சு. தீயில் போனது கொட்டகை. அசட்டையில் போனது ஒரு போகம்.

கருகினது கண்ணுக்குத் தெரியும். வெந்தது தெரியாது. தீ அணைந்த வீட்டில் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. இன்றைய பேச்சின் சாரம் இதுதான்.

உள்ளே போகுமுன்

தீயணைப்புக்காரர் “போகலாம்” என்று சொன்ன பிறகுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். கூரைக் குப்பையிலும் வைக்கோல் போரிலும் கங்கு நாள்கணக்கில் கனன்று கிடக்கும். மேலே நனைந்திருக்கும், அடியில் சுடும். போரைத் திறந்த வெளியில் பிரித்துப்போட்டு நனையுங்க. இரண்டு மூன்று இரவு முறை வைத்துக் காவல் இருங்க. மறுபடி புகை கிளம்பினால் 101 அல்லது 112க்குச் சொல்லுங்க.

மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்ய வேண்டும். தீயில் அகப்பட்ட காஸ் சிலிண்டரை நீங்களாக உருட்டிப் பார்க்க வேண்டாம். ஏஜென்சிக்காரருக்குச் சொல்லி அனுப்புங்க. வாயு கசிகிற வாசனை வந்தால் விலகி நின்று 1906 எண்ணுக்குப் பேசுங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வெடித்துச் சிதறியிருந்தால் காய்ந்தபடி கூட்டாதீங்க. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் தெளித்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, உடைக்காமல் எடுக்க வேண்டும்.

அள்ளிக் கொட்டுமுன்

உடனே கூட்டிப் பெருக்கத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்க. இருக்கிற நிலையிலேயே நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்துவையுங்க. போன சாமான்களை ஒரு நோட்டில் எழுதுங்க. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து எழுதினால்தான் தாசில்தார் அலுவலகத்தில் நிவாரணத்துக்கு வழி பிறக்கும். இன்சூரன்ஸ் இருந்தால் அவர்களுக்கும் அன்றைக்கே தகவல் போக வேண்டும். அவர்கள் ஆள் வந்து பார்க்கும்வரை கருகின மோட்டாரைக்கூட எறியக் கூடாது. தீயணைப்பு நிலையத்தில் விபத்துச் சான்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்க.

சுவரும் மரமும்

மண் சுவர் தீயில் வெந்து, உடனே தண்ணீரில் ஊறினால் பலம் போய்விடும். அன்றைக்கு நிற்கும், இரண்டு நாள் கழித்து விழும். சாய்வோ பிளவோ தெரிந்தால் அந்தச் சுவர் ஓரம் படுக்கவோ மாடு கட்டவோ வேண்டாம். செங்கல் சுவரில் பூச்சைக் கம்பால் தட்டிப் பாருங்க. பொத்தென்று சத்தம் வந்தால் பூச்சு விட்டுப்போச்சு. கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். ஓட்டையும் சுண்டிப் பாருங்க. கணீரென்றால் நல்லது, இல்லையென்றால் விரிசல். கான்கிரீட் தளம் இளஞ்சிவப்பாக நிறம் மாறியிருந்தாலோ, பெயர்ந்து கம்பி தெரிந்தாலோ அது கடும் சூடு பட்டதன் அடையாளம். பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டாமல் அதன் கீழே குடியிருக்கக் கூடாது.

மரத்தில் ஒரு விஷயம் கவனிக்கணும். தேக்கு, வேம்பு போன்ற மரங்களுக்கு வைரம் உள்ளே இருக்கும். மேல்கரியை உளியால் செதுக்கினால் உள்ளே நல்ல மரம் கிடைக்கலாம். மிச்சம் போதுமான கனம் இருந்தால் தச்சரைக் கேட்டுப் பயன்படுத்தலாம். பனை அப்படியில்லை. அதற்கு வைரம் வெளிப்புறத்தில். உள்ளே வெறும் சோறு. பனங்கையின் வைரப் பக்கம் கருகிவிட்டால் பலமே போச்சு. பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று மறுபடி ஏற்ற வேண்டாம்.

கரியைக் கழுவும் முறை

புகைக்கரி எல்லாம் ஒன்றல்ல. விறகும் வைக்கோலும் எரிந்த கரி உலர்ந்து தூளாக இருக்கும். பிளாஸ்டிக், டயர் எரிந்த கரி பிசுபிசுவென்று ஒட்டும். எதுவானாலும் முதலில் உலர்ந்தபடியே எடுக்க வேண்டும். மெல்லிய துடைப்பத்தால் மேலிருந்து கீழாக, அழுத்தாமல் தட்டி விடுங்க. எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் கரி மையாகிச் சுவருக்குள் இறங்கிவிடும்.

அப்புறம் ஒரு வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்புத் தூளும் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு பூச்சுச் சுவரைத் துடைக்கலாம். இதைக் கீழிருந்து மேலாகச் செய்யுங்க. மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கரி மேலே வழிந்து கோடுகோடாகக் கறை விழும். கடைசியில் நல்ல தண்ணீரால் மேலிருந்து கீழாக அலசணும். மண் சுவரைக் கழுவக் கூடாது; மேலாகச் சுரண்டிவிட்டு மண்ணும் சாணியும் குழைத்துப் பூசணும். அலுமினியப் பாத்திரத்துக்குச் சோடா ஆகாது, அரிக்கும். கரி படிந்த துணியை உதறி, துவைத்த பிறகே இஸ்திரி போடுங்க. முதலில் சூடு வைத்தால் கறை தங்கிவிடும்.

கரியை எடுக்காமல் மேலேயே சுண்ணாம்பு அடித்தால் கொஞ்ச நாளில் மஞ்சளாகத் திரும்ப எட்டிப் பார்க்கும். ஈரச் சுவரில் அடித்தாலும் பொரிந்து உதிரும். சுவர் காய வாரக்கணக்கில் ஆகும். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு ஓரமும் ஒட்டி, மறுநாள் காலை பாருங்க. உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கு.

தானியமும் விதையும்

பூச்சிமருந்து டப்பா எரிந்த இடத்தில் இருந்த தானியத்தை ஆளுக்கும் போடாதீங்க, மாட்டுக்கும் போடாதீங்க. சூடுபட்ட மருந்து மாத்திரையும், புகையில் இருந்த மாவு, எண்ணெய், திறந்த பண்டமும் குப்பைக்குத்தான். சாம்பல் விழுந்த தொட்டித் தண்ணீரை இறைத்துவிட்டுத் தேய்த்துக் கழுவி நிரப்புங்க.

விதைக்கு ஒரே வழி முளைப்புச் சோதனை. மூட்டைக்கு மூட்டை சூடு மாறும். அதனால் ஒவ்வொரு மூட்டையிலும் தனித்தனியாக 100 விதை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்க. ஒரு வாரத்தில் நல்ல முளையை எண்ணுங்க. சான்று விதைக்கு நெல்லில் குறைந்தது 80 சதவீதமும், நிலக்கடலையில் 70 சதவீதமும் முளைக்க வேண்டும் என்பது விதி. இதற்கு வெகுவாகக் குறைந்தால் விதைக்கு வேண்டாம். சாக்குத் துண்டும் ஒரு வாரமும்தான் செலவு. அந்த விவசாயி இதைச் செய்திருந்தால் ஒரு போகம் தப்பித்திருக்கும்.

மோட்டாரும் மாடும்

பி.வி.சி. ஒயரும் குழாயும் எரிந்தால் வருகிற புகை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். ஸ்டார்ட்டர் பெட்டி, கலப்பை, மண்வெட்டி எல்லாவற்றையும் அது அரிக்கும். இரும்புச் சாமானை உடனே துடைத்து எண்ணெய் தடவிவையுங்க. மோட்டாரை “ஓடுதா பார்ப்போம்” என்று போட்டுப் பார்க்காதீங்க. எலக்ட்ரீஷியன் மெக்கர் வைத்துச் சோதித்த பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும்.

தீக்காயம் பட்ட மாட்டுக்குச் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்க. மஞ்சள், எண்ணெய், மை எதுவும் பூச வேண்டாம். காயமே இல்லாத மாடும் புகை குடித்திருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து இருமும், மூச்சு வாங்கும். மூங்கில் குழாயில் மருந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். 1962க்குப் பேசினால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

காகிதமும் பணமும்

நனைந்த பத்திரத்தைப் பிரிக்கப் பார்க்காதீங்க. அப்படியே நிழலில் காயவிடுங்க. போய்விட்டாலும் கலங்க வேண்டாம். கிரயப் பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். பட்டாவை இணையத்தில் எடுக்கலாம். ஓரம் கருகின ரூபாய் நோட்டை வங்கியில் காட்டலாம். தொட்டால் நொறுங்குகிற அளவுக்குக் கருகினதை வங்கிக் கிளையில் வாங்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கி அலுவலகத்தில்தான் கொடுக்கணும். தூளாக்காமல் ஒரு டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துப்போங்க. சென்னையில் அந்த அலுவலகம் இருக்கிறது.

உழவர் பெருமக்களே, தீப்பிடித்த வீட்டைப் பார்க்கிறபோது மனசு பதறும். சீக்கிரம் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்று கை துடிக்கும். அந்த அவசரத்தில்தான் சுவர் ஆள்மேல் விழுகிறது, மோட்டார் ஷாக் அடிக்கிறது, விதை பொய்க்கிறது. தட்டிப் பார்த்து, சுரண்டிப் பார்த்து, முளைக்க வைத்துப் பார்த்து, அதற்கு அப்புறம் நம்புங்க. மிச்சமிருப்பதாவது கையில் நிற்கும்.